ஆக்கியோர் உண்டனரா?

மனிதன் உயிர் வாழ்தற்கு உண்கிறான் என்பது யாவரும் அறிந்த உண்மை. ஆனால் உயிர் வாழ்தற்கு மட்டுமே உண்கிறானா என்று வினவின், இல்லை என்றே விடை கூறுதல் வேண்டும். பசி தீர்ந்த பின்னும் அவன் சுவையை நாடுகிறான். சுவைக்காகப் பொருளைச் செலவிடுகிறான். கையிற் பொருள் மிகுந்த காலத்து ஒருவேளை உண்டிக்காகக் கடல் கடந்தும் செல்கிறான். இவ்வியல்பு நன்றா, தீதா? ஒரு தொழிலாளியின் ஒரு திங்கட் சம்பளத்தை ஒருவேளை உணவுக்குச் செலவிடுதல் அறமாகுமா? இவ்வினாவையே இக்கட்டுரையில் ஆராயப் புகுகின்றோம்.

இதற்கு இருவகை விடைகள் எளிதிற் கிடைக்கின்றன. நாவை அடக்கமாட்டாதவன் வேறு எதனை அடக்க வல்லன் என்பர் துறவுள்ளம் படைத்தோர். அவர் கருத்தின்படி சுவை என்பதே ஒரு சிறுமை. கஞ்சியும் விருந்தும் தொண்டைக்குக் கீழே ஒன்றே. "பணம் எனது, வாயும் எனது, இதிற் பிறர்க்கு என்ன வேலை?" என்பர் செல்வர். முன்னவர் கூற்றை ஏற்பின், பாட்டும் கூத்தும் ஓவியமும்கூடச் சிறுமையென்றே தள்ளப்படல் வேண்டும். செவிக்கும் கண்ணுக்கும் உரிய இன்பம் நாவுக்கு மட்டும் ஏன் ஆகாது? பின்னவர் கூற்றை ஏற்பின், பட்டினி கிடப்பான் முன்னர் அமர்ந்து பாலுஞ் சோறும் உண்பதிலும் குற்றமில்லை என்றாகும். ஆகவே இவ்விரு விடைகளும் நம் உள்ளத்தை நிறைவிக்கவில்லை. வேறு விடை தேடுதல் வேண்டும்.

இவ்வினா எமக்கு ஏட்டுப் படிப்பால் எழுந்ததன்று. தோட்டமொன்றிற் கிராணி வேலை பார்க்கும் யாம், ஆறாண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கொண்டு, எம் வாழ்க்கைத் துணைவியாருடன் ஐரோப்பாவுக்குச் சென்று வந்தோம். பள்ளிப் பருவத்தில் ஆங்கில நூல்களிற் படித்த நகரங்களை ஒருமுறையேனும் கண்ணாற் காணுதல் வேண்டும் என்பது எம் நெடுநாளைய வேட்கை. மாடங்களையும் கலைக்கூடங்களையும் கண்டு களித்தோம். பெரும்பாலான நாட்களில் ரொட்டியும் பாற்கட்டியும் வாங்கிப் பூங்காவில் அமர்ந்து உண்டோம். ஆயினும், ஒரே ஒரு வேளை மட்டும் பேர்பெற்றதோர் உணவு விடுதியில் உண்பதெனப் புறப்படுமுன்னரே உறுதி செய்திருந்தோம். அதற்கு யாம் தெரிந்தெடுத்த ஊர் பிரான்சு நாட்டின் லியோன் நகரம்.

ரோன், சோன் என்னும் ஈராறுகள் கூடுமிடத்தில் அமைந்த அந்நகர் உணவுக்குப் பேர்போனது. அங்கு யாம் உண்டவற்றைச் சுருங்கக் கூறுவோம். முதலில் வந்தது 'கெனெல்' என்பது. பைக் என்னும் ஆற்று மீனின் சதையை நன்கு அரைத்து, மாவும் முட்டையும் வெண்ணெயும் கூட்டி, நீண்ட உருண்டையாக்கி வேகவைத்து, நன்னீரில் வாழும் இறால் போன்ற சிற்றுயிரின் சாற்றாலாகிய குழம்பை ஊற்றித் தருகின்றனர். முள் நிறைந்த மீன் முள்ளின் சுவடே இன்றி நாவிற் கரைந்தது. அடுத்து வந்தது பிரெஸ் நாட்டுப்புறத்துக் கோழி. வெண்ணிற இறகும், செந்நிறக் கொண்டையும், நீல நிறக் கால்களும் உடைய இக்கோழியின் பெயரை 1957-ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சு அரசாங்கம் சட்டத்தாற் காத்தது. ஒவ்வொரு கோழிக்கும் 10 சதுர மீட்டருக்குக் குறையாத புல்வெளி விடப்படுதல் வேண்டுமென்பது அதனை வளர்ப்போர்க்கு விதி. பாலேடு சேர்த்துச் சமைத்த அக்கோழியின் மணம் இன்னும் எம் நினைவில் நிற்கிறது. பின்னர் மென்மையான பாற்கட்டியும், இறுதியிற் பழ இனிப்பும் வந்தன.

எனினும், சுவையைக் காட்டிலும் எம் நெஞ்சிற் பதிந்தது வேறொன்று. எமக்குப் பரிமாறியவர் நரைத்த தலையினரான ஒரு முதியவர். எந்த உணவை எந்தக் கத்தியால் அறுப்பது என்று அறியாது யாம் தடுமாறிய வேளையில், அவர் ஒன்றும் பேசாது உரிய கத்தியை எம் கையருகே நகர்த்தி வைத்துச் சென்றார். அடுத்த மேசையில் இருந்தோர் அதனைக் கண்டிலர். விலையுயர்ந்த உடையணிந்த அவர்களிடம் காட்டிய பணிவையே எம்மிடமும் காட்டினார், குறைவுமில்லை, மிகையுமில்லை. எம் நிறத்தையோ உடையையோ அவர் எடைபோட்டுப் பார்த்ததாகத் தோன்றவில்லை. எழுந்து வெளியே வருகையில் எம் துணைவியார், "இன்று நாம் விருந்தாளிகளாக இருந்தோம்" என்றார். அவ்வொரு சொல்லில் அன்றைய இன்பம் முழுதும் அடங்கிற்று.

இருவருக்குமாக யாம் கொடுத்த தொகை 410 யூரோ. நம் பணத்தில் ஏறத்தாழ 2,000 ரிங்கிட். 2025-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் மலேசியாவிற் சட்டம் வகுத்த குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். இவ்விரு தொகைகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பது கணக்கெழுதும் எமக்குப் பழக்கமாய்ப் போன வேலை. ஆயினும் அன்றிரவு அவ்வாறு வைத்துப் பார்க்க எம் மனம் ஒருப்படவில்லை.

ஊர் திரும்பியதும் எம் அன்னையாரிடம் இவை யாவற்றையும் விரித்துரைத்தோம். அன்னையாரின் தந்தையார், அஃதாவது எம் பாட்டனார், துரை பங்களாவிற் சமையல் வேலை பார்த்தவர். வெள்ளைக்கார துரைக்கும் அவர் விருந்தினர்க்கும் ஆட்டிறைச்சி வாட்டியும், முட்டையும் பாலும் கலந்து இனிப்புச் செய்தும் பல்லாண்டுகள் உழைத்தவர். மேசையில் மணி அடித்தால் உள்ளே செல்வார். தட்டுகளை எடுத்துக்கொண்டு வெளியே வருவார். எஞ்சியதைப் பின்கட்டில் நின்றவாறே உண்பார். அம்மேசையைச் சூழ்ந்திருந்த நாற்காலிகளில் ஒன்றிலேனும் அவர் ஒருநாளும் அமர்ந்ததில்லை. அத்தகையவரின் மகளாராகிய எம் அன்னையார், யாம் கூறியவற்றைப் பொறுமையுடன் கேட்டுவிட்டு, "எல்லாம் சரிப்பா. ஆக்குனவங்க சாப்பிட்டாங்களா?" என்று கேட்டார். எம்மால் மறுமொழி கூற இயலவில்லை. சமைத்தவர் யார், எத்தனை பேர், எப்பொழுது உண்டனர் என்பவற்றை யாம் எண்ணிப் பார்க்கவே இல்லை. அவர்கள் முகத்தையும் கண்டிலோம்.

நிற்க. அன்னையாரின் வினா எளியதாகத் தோன்றினும், உணவு விடுதி என்னும் நிலையத்தின் வரலாறு முழுதும் அதனுள் அடங்கியிருத்தலைப் பின்னரே உணர்ந்தோம். அவ்வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

ஐரோப்பாவில் நல்லுணவு நெடுங்காலம் அரண்மனைகளிலும் பிரபுக்களின் மாளிகைகளிலும் அடைபட்டுக் கிடந்தது. வழிச்செல்வோர் சத்திரத்துப் பொதுமேசையில், சத்திரத்தார் குறித்த நேரத்தில், அவர் இட்டதை உண்டு எழுதல் வேண்டும். 1760-களிற் பாரிஸ் நகரில் உடல் நலிந்தோர்க்கு வலுவூட்டும் இறைச்சிச் சாற்றை விற்கும் கடைகள் தோன்றின. 'ரெஸ்டோரான்' என்னும் சொல் முதலிற் குறித்தது அச்சாற்றையே. இழந்த வலிமையை மீட்டுத் தருவது என்பது அதன் பொருள். பின்னர் அச்சாற்றை விற்ற இடத்திற்கே அது பெயராயிற்று. 1780-களில் போவிலியே என்பார் அந்நகரில் நடத்திய விடுதியில், தனித்தனி மேசைகளில், விலைப்பட்டியலைப் பார்த்து, வேண்டியதை வேண்டியவாறு கேட்டு உண்ணலாயினர். 1789-ஆம் ஆண்டில் எழுந்த பெரும் புரட்சியின்போது பிரபுக்கள் பலர் நாட்டை விட்டோடினர். அவர்தம் சமையற்காரர் சிலர் பொதுமக்களுக்குச் சமைக்க முன்வந்தனர். 1791-இல் பழைய தொழிற்குழுக்களின் தனியுரிமைகளும் ஒழிக்கப்பட்டன. இவ்வாறாக, மன்னர்க்கும் மதகுருமார்க்கும் பிரபுக்களுக்கும் மட்டும் உரியதாயிருந்த உணவு, கையிற் காசுடையார் எவர்க்கும் உரியதாயிற்று.

இம்மாறுதலைச் சிறியதென்று கருதற்க. 'உன் பிறப்பு யாது?' என்று கேட்ட கதவு, 'உன்னிடம் பணம் உளதா?' என்று கேட்கத் தொடங்கியதே ஒரு புரட்சியாகும். இதன் அருமையை நம்மவர் நன்கறிவர். தமிழ்நாட்டுத் தொடர்வண்டி நிலையங்களிற் பார்ப்பனர்க்கு ஓர் உண்ணுமிடமும் ஏனையோர்க்கு வேறோர் உண்ணுமிடமும் இருந்தன. பெரியார் ஈ. வெ. ராமசாமி முதலியோர் செய்த கிளர்ச்சியின் பயனாக அவ்வேற்றுமை 1941-ஆம் ஆண்டிலேதான் நீங்கிற்று. காசு கொடுத்தாலும் உடனமர்ந்து உண்ண இயலாதிருந்த நாட்டினர்க்கு, காசு கொடுத்தாற் போதும் என்னும் நாடு விடுதலை பெற்ற நாடாகவே தோன்றும். லியோனில் அம்முதியவர் எம்மை நடத்திய முறையில் யாம் உருகியதற்குக் காரணமும் இதுவே போலும்.

ஆயின், பணத்தின் கதவும் கதவே என்பதை மறத்தலாகாது. அதற்கோர் எடுத்துக்காட்டு காண்போம். 1870-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் செர்மானியப் படைகள் பாரிஸ் நகரை வளைத்துக்கொண்டன. முற்றுகை 1871 சனவரி இறுதிவரை நீடித்தது. நகரினுட் செல்லும் உணவு நின்றது. மக்கள் குதிரையைத் தின்றனர். பின்னர் நாயையும் பூனையையும் எலியையும் தின்றனர். சனவரித் திங்களில் ஆளுக்கு நாளொன்றுக்கு 300 கிராம் ரொட்டியே அளந்து தரப்பட்டது. அதிலும் தவிடும் பிறவும் கலந்திருந்தன. விறகின்றிக் குளிரால் நடுங்கி மாண்ட குழந்தைகளும் முதியோரும் பலர். ஆனால், முற்றுகையின் 99-ஆம் நாளாகிய 1870 டிசம்பர் 25-ஆம் நாளன்று, அதே நகரில், வுவாசேன் என்னும் பேர்பெற்ற விடுதியில் விருந்து நடந்தது. ஷோரோன் என்னும் சமையல் வல்லுநர் அன்று ஆக்கியளித்த உணவுகளின் பட்டியல் இன்றும் கிடைக்கிறது. யானை இறைச்சிச் சாறு, ஒட்டக வறுவல், கங்காரு இறைச்சிக் குழம்பு, எலிகள் புடைசூழ வைத்த பூனை ஆகியவை அதிற் காணப்படுகின்றன. உயிர்க்காட்சிச் சாலைகளின் விலங்குகளும் இறைச்சிக்காக விற்கப்பட்ட காலம் அது. காஸ்டர், போலக்ஸ் என்னும் இரு யானைகளும் அவ்வாறே கொல்லப்பட்டன. நகரிற் குழந்தைகள் கண்டு மகிழ்ந்த யானைகள் அவை. உயர்ந்த பழம் மதுவும் விருந்திற்குக் குறைவில்லை.

பிறப்பின் வேலியை உடைத்த அதே நகரம், பணத்தின் வேலியை எவ்வளவு உயரமாக எழுப்பிற்று என்பதை இவ்வொரு பட்டியலே காட்டும். அவ்விருந்தை உண்டோர் கொடியோர் என்று யாம் கூறவில்லை. அவர்களும் அஞ்சி வாழ்ந்தோரே. அச்சத்தை மறக்க ஒருவேளை சிரித்து உண்டோராகவும் இருத்தல் கூடும். ஆயினும் கதவுக்கு வெளியே வரிசையில் நின்றோரை அவர்கள் நினைத்திருப்பின், அச்சாறு தொண்டையில் இறங்கியிருக்குமா என்பதே எம் ஐயம். நல்லுணவின் முதற் குற்றம் இங்கே தெரிகிறது. உண்பவனைச் சுற்றி அது ஒரு சுவரை எழுப்பிவிடுகிறது. சுவருக்கு அப்பால் உள்ளவரை அவன் காணாமற் செய்கிறது.

அச்சுவர் தெருவிற்கும் மேசைக்கும் இடையே மட்டும் இல்லை. மேசைக்கும் அடுப்பிற்கும் இடையேயும் உளது. சார்ச் ஆர்வெல் என்னும் ஆங்கில எழுத்தாளர் பாரிஸ் நகரத்து ஓட்டல்களிற் பாத்திரம் கழுவி வயிறு வளர்த்தவர். அவ்வனுபவத்தை 1933-இல் வெளியிட்ட நூலில் விரித்துரைத்துள்ளார். கதவுக்கு இப்பால் வெண்ணிற மேசை விரிப்பும் மலர்களும். அப்பால் நிலவறையின் வெப்பமும் அழுக்கும் ஓயாத வசைமொழியும். பரிமாறுவோர் அக்கதவைத் தாண்டும் நொடியிலேயே முகத்தை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. இஃது ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முற்பட்ட செய்தி என்று தள்ளிவிடவும் இயலாது. டென்மார்க்கின் கோப்பன்கேகன் நகரத்து நோமா என்னும் விடுதி, உலகிலேயே தலைசிறந்ததெனப் பன்முறை பாராட்டப் பெற்றது. அங்குத் தொழில் பயில வந்த இளைஞர்கள் 2022-ஆம் ஆண்டு வரை ஊதியமின்றியே உழைத்து வந்தனர். ஊதியம் தரத் தொடங்கிய சில திங்களில், 2023-இன் தொடக்கத்தில், இத்தகைய விடுதியை இம்முறையில் நெடுநாள் நடத்துதல் இயலாது என்று அதன் தலைவரே அறிவித்தார். உலகின் மிகவுயர்ந்த உணவு கூலியில்லா உழைப்பின்மேல் நின்றது என்பதை எண்ணுங்கால் நெஞ்சம் துணுக்குறுகின்றது. கணக்கேட்டில் எழுதப்படாத உழைப்பு எங்கே உளதோ, அங்கே யாரோ ஒருவர் உண்ணாதிருக்கின்றார்.

இதனைச் சீர்திருத்த முயன்றோரும் இலர் என்று கூறுதல் நேர்மையாகாது. 1846-இற் பிறந்து பதின்மூன்றாம் வயதிலேயே அடுப்படியிற் புகுந்த எஸ்கோஃபியே என்பார், பிற்காலத்தில் லண்டன் மாநகரின் பெருவிடுதிகளில் தலைமைச் சமையலாளராக விளங்கினார். சமையலறையில் கூச்சலையும் வசையையும் குடியையும் அவர் தடுத்தார். வேலையை முறையாகப் பகுத்து, ஒவ்வொருவர்க்கும் உரிய பொறுப்பையும் மதிப்பையும் வகுத்தார். 1903-இல் சமையற்கலைக்கோர் இலக்கணம் போன்ற நூலை வெளியிட்ட அவரே, 1910-இல் வறுமையை ஒழிப்பதற்கான பரஸ்பர உதவித் திட்டமொன்றையும் எழுதி வெளியிட்டார். சிறுவயதில் அடுப்பின் வெப்பத்தைத் தாங்கியவர்க்கே அத்தகைய எண்ணம் எழுதல் இயல்பன்றோ?

யாம் உண்ட லியோன் நகரிலேயே இன்னும் சிறந்த எடுத்துக்காட்டு உண்டு. அந்நகரின் சமையற் புகழை வளர்த்தவர்கள் 'அன்னையர்' என்றழைக்கப்பெற்ற ஏழைப் பெண்கள். செல்வர் வீடுகளிற் சமையல் வேலை செய்து பழகி, பின்னர்த் தாமே சிறு விடுதிகள் நடத்தியோர் அவருட் பலர். அவருள் ஒருவர் யூஜெனி பிரேசியே. அவர் 1895-இற் குடியானவர் குடும்பத்திற் பிறந்தவர். பத்து வயதில் தாயை இழந்து, பண்ணைகளிற் கூலிக்கு உழைத்தவர். மணமாகாமலே ஒரு குழந்தைக்குத் தாயானமையால் தந்தை வீட்டினின்றும் துரத்தப்பட்டார். நம் ஊராயின் அவரை என்ன சொல்லித் தூற்றியிருப்போம் என்பதை நேயர்கள் எண்ணிப் பார்ப்பாராக. அவர் லியோனுக்கு வந்து வேலைக்காரியாகவும் சமையற்காரியாகவும் உழைத்து, 1921-இல் சிறு விடுதியொன்றைத் திறந்தார். சக்கரப் பட்டை செய்யும் மிஷலின் நிறுவனம் வெளியிடும் வழிகாட்டி நூல், தலைசிறந்த விடுதிகளுக்கு மூன்று விண்மீன்கள் அளிக்கும். 1933-இல் அவர் நடத்திய இரு விடுதிகளுக்கும் மும்மூன்று விண்மீன்கள் கிடைத்தன. ஒருவரே ஆறு விண்மீன்களைப் பெற்றது அதுவே முதன்முறை. ஊராரால் ஒதுக்கப்பட்ட பெண்ணின் மேசையில் ஓரிடம் பெற நகர மேயர்களும் அமைச்சர்களும் காத்திருந்தனர். உழைப்பால் வந்த பெருமைக்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இனி, எதிர்வாதம் ஒன்றனை நேர்மையுடன் நோக்குவோம். "பிரேசியேயின் கதை நல்லதே, எஸ்கோஃபியேயும் நல்லவரே. ஆயினும் நீங்கள் செலவிட்ட 2,000 ரிங்கிட்டைக் கொண்டு ஏழைக் குழந்தைகள் பலர்க்கு ஒரு திங்கள் காலையுணவு அளித்திருக்கலாமே! கலை என்றும் உழைப்பின் பெருமை என்றும் பேசுதல் உங்கள் குற்றத்தை மூடும் போர்வையன்றோ?" என்று ஒருவர் கேட்கலாம். இவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. யாமும் தள்ளவில்லை. ஆனால் இவ்வாதத்தை முடிவு வரை கொண்டு செல்வோமாயின், புத்தகம் வாங்குதலும், மகளுக்கு இசை பயிற்றுதலும், இவ்விதழுக்குச் சந்தா செலுத்துதலும்கூடக் குற்றமாகிவிடும். உலகில் ஒருவன் பசித்திருக்கும் வரை எவனும் சோற்றுக்கு மேல் ஒன்றையும் நாடலாகாது என்பது அதன் முடிவு. அம்முடிவின் உள்ளே மற்றொரு தவறும் மறைந்துளது. ஏழைக்கு வேண்டியது சோறு மட்டுமே. அழகும் சுவையும் மதிப்பும் அவனுக்கு வேண்டா என்பதே அது. அது உண்மையாகுமா?

இதற்கு விடையை இத்தாலி நாட்டு மிலான் நகரிற் காண்கிறோம். 2015-ஆம் ஆண்டு அந்நகரில் உணவைப் பொருளாகக் கொண்ட உலகக் கண்காட்சி நடைபெற்றது. அங்கு மிஞ்சிய நல்ல உணவுப் பொருள்கள் வீணாதலைக் கண்ட மாசிமோ பொட்டுரா என்னும் சமையல் வல்லுநர், கிறித்தவ அறநிலையமொன்றோடு கூடி ஒரு காரியம் செய்தார். இவர் மூன்று விண்மீன்கள் பெற்ற விடுதிக்கு உரியவர். நகரின் கிரேக்கோ பகுதியிற் பாழடைந்து கிடந்த 1930-களின் நாடகக் கொட்டகையைச் செப்பனிட்டு, 'ரெஃபெட்டோரியோ' என்னும் உண்ணுமிடத்தை அமைத்தனர். உலகின் பல நாடுகளிலிருந்தும் 60-க்கு மேற்பட்ட பேர்பெற்ற சமையலாளர்கள் முறைவைத்து வந்து சமைத்தனர். உண்டவர்களோ வீடற்றவர்களும் அகதிகளும். தட்டேந்தி வரிசையில் நிற்குமாறு அவர்களை வைக்கவில்லை. கலைஞர்கள் வடிவமைத்த மேசைகளில் அமரச் செய்து, தொண்டர்கள் ஒவ்வொருவரிடமும் சென்று பரிமாறினர். காய்ந்த ரொட்டியும், கனிந்து கறுத்த வாழைப்பழமும் வல்லவர் கைபட்டு விருந்தாயின. பின்னர் 2016-இல் ரியோ நகரிலும், 2017-இல் லண்டனிலும், 2018-இல் பாரிசில் மாதலேன் தேவாலயத்தின் நிலவறையிலும் இத்தகைய உண்ணுமிடங்கள் தோன்றின.

இச்செய்தி யாம் தேடிய விடைக்கு வழி காட்டுகிறது. சோறிடுதல் வேறு, விருந்திடுதல் வேறு. சோறு உயிரைக் காக்கும்; விருந்து, 'நீயும் எம்மில் ஒருவன்' என்று கூறும். லியோனில் எம் துணைவியார், 'இன்று நாம் விருந்தாளிகளாக இருந்தோம்' என்று மகிழ்ந்தாரே, அம்மகிழ்ச்சியே மிலானில் வீடற்றவர்க்குக் கிடைத்தது. ஆகவே நல்லுணவின் இன்பம் குற்றமுடையதன்று. அவ்வின்பத்தைச் சிலரே வளைத்துக்கொள்வதும், அதனை ஆக்குவோர்க்கே அது எட்டாதவாறு செய்வதுமே குற்றம். சுவையை ஒழிப்பது சீர்திருத்தமாகாது. சுவையின் மேசையை நீட்டுவதே சீர்திருத்தம்.

அங்ஙனமாயின் ஒருவேளை உணவு அறத்திற்கு ஒத்ததா என்று அறிவது எப்படி? எம் சிற்றறிவிற்கு எட்டிய அளவுகோல் ஒன்றே. அவ்வுணவை ஆக்கியவரும், பரிமாறியவரும், பாத்திரம் கழுவியவரும், ஒரு நாளேனும் அதே மேசையில் அமர்ந்து அதே உணவை உண்ணக் கூடுமா? அவர் எம் பக்கத்து நாற்காலியில் வந்தமர்ந்தால் எம் முகம் சுளிக்காதா? இவ்விரு வினாக்களுக்கும் 'ஆம்' என்று கூறக்கூடிய விருந்து நல்விருந்து. அதன் விலை சிறிதாயினும் பெரிதாயினும் அமைக. கூறவொண்ணாத விருந்து, ஐந்து காசுக்குக் கிடைப்பினும் தீயதே. பிரான்சு நாட்டில் 1987 முதல், பரிமாறுவோர்க்குரிய பணிக்கட்டணம் விலைப்பட்டியலிலேயே அடங்கியிருத்தல் வேண்டுமென்பது விதி. உண்பவர் விட்டெறியும் காசை நம்பிப் பல்லிளித்து நிற்க வேண்டாத நிலையை அவ்விதி ஓரளவு ஏற்படுத்திற்று. எமக்குப் பரிமாறிய முதியவரின் நிமிர்ந்த நடைக்கு அதுவும் ஒரு காரணமாயிருத்தல் கூடும். தன்மானமுள்ளவன் பரிமாறும் உணவிலேதான் உண்பவனுக்கும் மானம் உண்டு.

இவ்வளவுகோலைக் கொண்டு எம்மையே அளந்து பார்த்தோம். யாம் முற்றும் தேறவில்லை. அம்முதியவர் என்றேனும் அம்மேசையில் உண்டிருப்பாரா? உள்ளே பாத்திரம் கழுவிய இளைஞன் எந்நாட்டிலிருந்து வந்தவன்? அவன் கூலி எவ்வளவு? கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. விருந்தாளியாக மதிக்கப்பெற்ற மகிழ்ச்சியில், எம் பாட்டனார் நின்ற பின்கட்டை மறந்துவிட்டோம். இதுவே யாம் செய்த பிழை. 410 யூரோவைச் செலவிட்டது பிழையென்று இன்றும் எமக்குத் தோன்றவில்லை. கேளாமல் எழுந்து வந்ததே பிழையென்று தோன்றுகிறது.

அன்பர்காள்! ஐரோப்பாவின் குற்றங்களை எடுத்துக்கூறி மகிழ்வதற்காக இக்கட்டுரை எழுதப்படவில்லை. நம் வீட்டுத் திருமணங்களை நோக்குங்கள். தலைவர்களுக்கும் தொழிலதிபர்களுக்கும் துணி விரித்த மேசை, உற்றாருக்கு முதற்பந்தி, ஏனையோர்க்கு அடுத்த பந்தி. விடியுமுன்னே வந்து வெங்காயம் உரித்த பெண்களும், அண்டா கழுவிய ஆடவரும் எப்போது உண்கின்றனர்? பந்தல் பிரித்த பின்னர், கொல்லைப்புறத்தில், குழம்பு வற்றிய பாத்திரத்தைச் சுரண்டி உண்கின்றனர். சாதிப் பந்தியை ஒழித்தோம் என்று மேடையேறிப் பேசும் நாம், இப்பந்தியை ஒழித்தோமா? இங்கே பிறப்பு கேட்கப்படவில்லை என்பது உண்மையே. ஆயினும் கொல்லைப்புறம் அப்படியே இருக்கிறது.

இதனை மாற்றுதற்குச் சட்டம் வேண்டுவதில்லை, பெரும்பொருளும் வேண்டுவதில்லை. அடுத்த முறை நம் இல்லத்தில் விருந்து நடக்குமாயின், முதற்பந்தியில் சமைத்தோரையும் கழுவுவோரையும் அமரச் செய்வோம். வீட்டுக்குடையவரே இலை போட்டுப் பரிமாறுவாராக. தலைவர்கள் அரைமணி நேரம் காத்திருப்பதால் நாடு கெட்டுவிடாது. கடைகளில் உண்ணும்போது, மேசை துடைக்கும் அயல்நாட்டு இளைஞனை விரல் சொடுக்கி அழையாதிருப்போம். அவனுக்கும் ஒரு பெயருண்டு, அவனுக்கும் தன் ஊரில் ஒரு தாய் உண்டு.

எம் அன்னையாரின் வினாவிற்கு யாம் இன்றளவும் விடை கூறவில்லை, கூறவும் இயலாது. லியோனில் அன்றிரவு ஆக்கியோர் உண்டனரா என்பதை இனி எவ்வாறு அறிவது? ஆனால் இனி எங்கு உண்ணினும், கை கழுவி எழுமுன்னர் அவ்வினாவைக் கேட்பதென்று உறுதி பூண்டுள்ளோம். நேயர்களும் கேட்பாராக.